பூங்கொடி கார்டன் முனையில் ஒரு வேகத்தடை

ஜூன் ஐந்தாம் தேதி காலை ஏழு ஐம்பதுக்கு எங்கள் தெருமுனையில் என் மேல் ஒரு கனரக வாகனம் மோதப் போகிறது என்பது மே இருபத்து நாலாம் தேதியே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பால் வாங்கப் போன என் வீட்டுக்காரர் சாமியப்பன் பால் இல்லாமல் திரும்பி வந்தார்.

"வசந்தா, பலகையில நம்ம முனை வந்திருக்குது. பெண், நாப்பத்தஞ்சுல இருந்து அம்பது, இருசக்கர வாகனம்னு போட்டிருக்குது" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "நீதான்னு சொல்லல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தினமும் ஏழே முக்காலுக்கு ஸ்கூட்டரை எடுத்தால் ஏழு ஐம்பதுக்கு முனையைத் தாண்டுவேன். எங்கள் பூங்கொடி கார்டனில் அந்த வயதில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான்.

இந்தப் பலகை இல்லாத ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் நகராட்சியில் விபத்து முன்னறிவிப்புப் பலகை வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் முழுக்கக் கேமரா. யார் எத்தனை மணிக்கு எங்கே போகிறார்கள், எந்த வண்டி என்ன வேகத்தில் வருகிறது, யார் என்றைக்கு லீவு என்பது வரை சேர்த்துக் கணக்குப் போட்டு, எந்த இடத்தில், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எப்படிப்பட்ட ஆளுக்கு அடிபடும் என்று வார்டு முனையில் எழுத்தாக ஓடும். பேர் மட்டும் போடாது. அது தனிமனித உரிமையாம். இதுவரை ஒன்பது முறை சொன்னது, ஒன்பதும் நடந்தது. ரயில்வே கேட் பக்கம் கொய்யாப்பழம் விற்றவர், "இந்த டிவிப் பொட்டி என்னயக் கொன்னுபோடுமா" என்று சிரித்தார். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அதற்கப்புறம் ஊரில் யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் முனையின் கதை எல்லோருக்கும் தெரியும். மேலே தண்ணீர் லாரிகள் நிரப்பும் போர்வெல். அங்கிருந்து இறக்கம். முனையில் மூடிக்கிடக்கும் மில்லின் மதில் சுவர். வருகிற லாரிக்கு நாம் தெரிய மாட்டோம், நமக்கு லாரி தெரியாது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் நாலு வருஷமாக வேகத்தடை கேட்டு மனு கொடுத்து வருகிறேன். முதலில், மூன்று விபத்தாவது நடந்திருக்க வேண்டும் என்றார்கள். பலகை வந்த பிறகு விதியை மாற்றி, பலகை முன்னறிவிப்புச் சொன்ன இடத்தில் மட்டும்தான் வேகத்தடை என்றார்கள். எங்கள் முனையைப் பலகை சொல்லவே இல்லை.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் கவுன்சிலர் தெய்வசிகாமணி போன் பண்ணினார். என்னைவிட நாலு வயது பெரியவர். ஓட்டுக் கேட்டு வந்த நாளில் இருந்து எல்லோரும் அவருக்கு அக்காதான்.

"அக்கா, வாழ்த்துக்கள். முன்னறிவிப்பு வந்திருச்சு" என்றார்.

நானும் நன்றி சொன்னேன். வைத்த பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று உறைத்தது.

திங்கட்கிழமை பலகையின் அச்சுப் பிரதியோடு நகராட்சிக்குப் போனேன். இளநிலைப் பொறியாளர் தர்ஷினி எழுந்து நின்று மனுவை வாங்கினாள். சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் இருக்கும். வரிசையாகப் பதினோரு கையெழுத்து. அவளே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஓடினாள். பதினோரு மணிக்குக் கமிஷனர் கையெழுத்துப் போட்டார். பதினொன்று இரண்டுக்கு என் வீட்டுக்காரர் போன் பண்ணி, பலகையில் எங்கள் முனை அழிந்துவிட்டது என்றார். குரல் உடைந்திருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்குத் தணிக்கைப் பிரிவில் இருந்து ஆட்சேபணை வந்தது. முன்னறிவிப்பு இல்லாத இடத்தில் வேகத்தடைக்கு ஆணை வழங்கப்பட்டுள்ளது, ரத்து செய்க. செவ்வாய்க்கிழமை ரத்து. செவ்வாய்க்கிழமை மத்தியானமே பலகையில் பெண், நாற்பத்தைந்து முதல் ஐம்பது, இருசக்கர வாகனம்.

மறுபடி ஓடினேன். தர்ஷினி தலையைக் குனிந்துகொண்டு விளக்கினாள்.

"மேடம், பலகை நடக்கப்போறதச் சொல்லுது. நாம ஆர்டர் போட்டா அந்த ஆர்டரையும் சேர்த்துத்தான் கணக்குப் பண்ணும். ஆர்டர் இருந்தா விபத்து இல்ல. விபத்து இல்லேன்னா ஆர்டருக்கு அவசியம் இல்லேன்னு தணிக்கைல எழுதுவாங்க."

"எழுதுனா?"

"ஆர்டர் ரத்து."

"ரத்தானா?"

"மறுபடி நீங்க" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தணிக்கை அதிகாரி புகழேந்தியிடமும் போனேன். நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். விதிப் புத்தகத்தைப் பிரித்து எனக்கே படிக்கக் கொடுத்தார். அவர் சொல்வதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சிறுபாலத்துக்குச் சம்மதித்து, சஸ்பெண்ட் ஆகி, இப்போது மாமனார் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்கிறாராம். எனக்குக் கோழி என்றாலே அலர்ஜி மேடம் என்றார்.

அந்த வாரத்தில் மூன்று முறை கையெழுத்தாகி மூன்று முறை ரத்தானது. என் வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடையைத் திறக்காமல் பலகைக்குக் கீழேயே நின்றார். நடுவில் தெரு ஆண்கள் சேர்ந்து இரண்டு மூட்டை சிமெண்டில் தாங்களே ஒரு வேகத்தடை கட்டினார்கள். நாலு வருஷமாக எங்கள் தெருவை எட்டிப் பார்க்காத நகராட்சி ஜேசிபி, சிமெண்ட் காய்வதற்குள் வந்து வழித்துக்கொண்டு போனது. அனுமதி பெறாத கட்டுமானம்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைக்கு லீவு போட்டுவிடு என்றார். எனக்கும் அதுவரை தோன்றாமல் இல்லை. கம்பெனியில் அன்றைக்கு ஷிப்மெண்ட். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். அழுதுதான் வாங்கினேன். லீவு உறுதியான அரை மணி நேரத்தில் பலகை மாறியது. பெண், ஐம்பது முதல் ஐம்பத்தைந்து, பாதசாரி.

பக்கத்து வீட்டு சுலோச்சனா அக்கா பள்ளிக்கூட லேபில் வேலை. தினமும் நடந்து முனைக்குப் போய்த்தான் பஸ் ஏறுவார். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"ஏன் வசந்தா, லீவு போட்டியா?"

"ஆமாங்க்கா."

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

தர்ஷினியைக் கேட்டபோது, முனை அப்படியேதான் இருக்கிறது, லாரியும் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஒருவர் விலகினால் அடுத்தவர் மேல் போகும் என்றாள். ஒரு லாரியை நிறுத்தினாலும் பயனில்லை, ஒரு நாளைக்கு இருபத்திரண்டு லாரி வருகிறது.

சுலோச்சனா அக்கா பின் வாசல் வழியாகச் சுற்றிப்போய் அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறுவது என்று முடிவு பண்ணினார். பலகை உடனே, ஆண், அறுபத்தைந்து முதல் எழுபது, மிதிவண்டி என்றது. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் திருமூர்த்தி ஐயா. அவர் வீடு வீடாக வந்து, இதை என் மேல் தள்ளியது யார் என்று விசாரித்தார். நாங்கள் யாரும் தெரியாது என்றோம். அவர் சைக்கிள் செயினைக் கழற்றி எல்லோர் முன்னாலும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, ஜூன் ஆறாம் தேதி திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் ஒரு ஆட்டோக்காரர் மேல் போனது. அவர் வழியை மாற்றிக்கொண்டார்.

எங்கள் தெருவில் சண்டையே வந்ததில்லை. மாரியம்மன் நோம்பிக்குப் பதினெட்டு வீடும் ஒரே இடத்தில் சமைப்போம். அந்த வாரம் ஒருவர் கிளம்பினால் இன்னொருவர் ஜன்னலைத் திறந்து நேரம் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் ஒரு நல்ல செய்தி. எங்கள் முனையில் முன்னறிவிப்பு உண்மையாகவே இருக்கிறதா, இல்லையா என்று நேரில் ஆய்வு செய்யப் புகழேந்தி ஜூன் ஐந்தாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு வருவதாகக் கடிதம். அடுத்த நிமிடம் பலகையில், ஆண், ஐம்பது முதல் ஐம்பத்தைந்து, அரசு ஜீப்.

சுலோச்சனா அக்கா என்னிடம் பேசிவிட்டார். கவுன்சிலர் இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, "இப்பப் பாருங்க, ஒரு மணி நேரத்துல வேகத்தடை வருமுங்க" என்றார். திருமூர்த்தி ஐயா அதற்குள் வீட்டில் ரவை லட்டு பிடிக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மனிதருக்கு ஜீப்பில் அடிபடப் போகிறது என்று படித்துவிட்டுப் பதினெட்டு வீடு லட்டு தின்றோம். அதை மறைப்பதற்கில்லை.

மத்தியானம் இன்னொரு கடிதம் வந்தது. நிர்வாகக் காரணங்களால் ஆய்வு புகைப்படம் வாயிலாக மேற்கொள்ளப்படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையில் புதிதாக ஓடியது. பெண், நாற்பது முதல் நாற்பத்தைந்து, தள்ளுவண்டி.

அதோடு மாறாமல் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்திருக்கும் பெண் யாரும் இல்லை. வெளியூர்க் காய்கறிக்காரியாக இருக்கும் என்றார் சுலோச்சனா அக்கா. ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, காய்கறிக்காரி வியாழக்கிழமைதான் வருவாள் என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தோன்றவில்லை. திருமூர்த்தி ஐயா செயினை வாங்கி மாட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கடையைத் திறந்தார். பலகைப் பக்கம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

புதன்கிழமை காலை ஈரக்குப்பை வாளியும் உலர்குப்பை வாளியுமாக வாசலுக்குப் போனேன். குப்பை வண்டி நின்றிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வருகிறவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு என் வாளிக்காகக் கையை நீட்டினாள். நான் வாளியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

நாலு வருஷமாக எங்கள் வீட்டுக் குப்பையை வாங்குகிறாள். குப்பை வண்டியம்மா என்றுதான் சொல்வோம். பேர் கேட்டேன். பழனாத்தா என்றாள். வயது கேட்டேன். நாற்பத்து மூன்று இருக்கும் என்றாள்.

"பலகையப் பாத்தியா?"

"அதுக்கடியிலதானுங்களே தெனமும் கூட்டறேன்."

அன்றைக்கு லீவு போடக் கூடாதா என்று கேட்டேன். ஒப்பந்தக்காரர் கொடுத்த போனில், முனையில் நின்று முகத்தைக் காட்டினால்தான் வருகைப் பதிவாகும், எட்டு மணிக்குள் காட்ட வேண்டும் என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தவள், "பாத்துக்கலாங்கக்கா" என்று வாளியை என் கையில் இருந்து வாங்கிக் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை. தையல் பிரிந்த பனியன் இரண்டு என் கையைத் தாண்டிப் போய்விட்டது. பதினொரு வருஷத்தில் அப்படிப் போனதில்லை. மத்தியானம் மேனேஜரிடம் போய் ஐந்தாம் தேதி லீவு வேண்டாம், வருகிறேன் என்றேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்தால் சாமியப்பன் வாசலில் நிற்கிறார். பலகையைப் பார்த்திருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் செருப்பின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். காரணம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி, அன்னிக்கு நானே உன்னயக் கூட்டிட்டுப் போயி உடறேன்" என்றார்.

ஐந்து நிமிடத்தில் சுலோச்சனா அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். பலகையில் இருவர் என்று போட்டிருக்கிறதாம். ஆண், ஐம்பது முதல் ஐம்பத்தைந்து. பெண், நாற்பத்தைந்து முதல் ஐம்பது. ஒரே வாகனம். கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து எழுத்தில் போட்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே திருமூர்த்தி ஐயா வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். கவுன்சிலரும் வந்தார். நான் எழுந்து, தள்ளுவண்டி என்று பலகை சொன்னது யாரை என்று சொன்னேன். அவள் மேல் போகக் கூடாது என்றுதான் திருப்பி வாங்கினேன், ஆனால் எனக்கும் சாக ஆசையில்லை, இனி யாரும் இதை யார் மேலும் தள்ளாமல் ஒரு வழி சொல்லுங்கள் என்றேன். லாரியை அன்று வேறு வழியில் விடச்சொல்லிப் போலீஸுக்கு எழுதலாம் என்றார் ஒருவர். அதற்கும் கமிஷனர் ஆணை வேண்டும், ஆணை போட்டால் முன்னறிவிப்பு அழியும், அழிந்தால் புகழேந்தி எழுதுவார் என்று எல்லோரும் சேர்ந்தே சொன்னோம். அந்தப் பாடம் எங்களுக்கு மனப்பாடம்.

சுலோச்சனா அக்கா சலித்துப்போய்ச் சொன்னார். "என்னமோ போங்க. போன தை மாசம் இவிய பேத்தி காதுகுத்துக்கு ரெண்டு நாளு ரோட்ட அடைச்சுப் பந்தல் போட்டாங்க. ஒரு லாரி வந்துதா? அதெல்லாம் பைபாஸ் ரோட்டுல சுத்திட்டுத்தான் போச்சு."

திருமூர்த்தி ஐயா பாராட்டு என்று நினைத்து முகம் மலர்ந்தார். அப்புறம்தான் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரோட்டில் நாலு அங்குலம் மேடு வைக்கப் பதினோரு கையெழுத்து வேண்டும். ரோட்டையே மறைத்துப் பந்தல் போட இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

நான் முதலில் தர்ஷினியைக் கூப்பிட்டு, பந்தல் போட்டு லாரியைப் பைபாஸில் திருப்பினால் வேறு தெருவில் யார் மேலாவது விழுமா என்று கேட்டேன். பத்து நிமிடம் கழித்து அவளே கூப்பிட்டாள். முப்பத்தாறு வார்டும் போட்டுப் பார்த்துவிட்டாளாம். பைபாஸ் அகலம், எங்கும் எதுவும் இல்லை. "யாரோட விசேஷம் மேடம்?" என்று கேட்டாள்.

அதுதான் தெரியவில்லை. திருமூர்த்தி ஐயா பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். ஐந்தாம் தேதி அஷ்டமியும் கரிநாளும் சேர்ந்து வந்திருந்தது. காதுகுத்து, சீர், வளைகாப்பு, பால் காய்ச்சுவது ஒன்றுக்கும் ஆகாது. "நாள் பாக்காம பந்தல் போடறது ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்து, எல்லோரும் அவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குக் கவுன்சிலர் சட்டைப் பையில் இருந்த அவர் படம் போட்ட காலண்டர் அட்டை கண்ணில் பட்டது. அவர் பிறந்தநாள் எப்போது என்று கேட்டேன்.

"தைப்பூசத்துக்கு மறுநாளுங்க்கா."

எல்லோரும் பெருமூச்சு விட்டோம். அவர் கொஞ்சம் தயங்கி, "ஆனா சர்டிபிகேட்ல ஜூன் அஞ்சுங்க" என்றார்.

ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வாத்தியார் தேதி கேட்க, அவர் அப்பாவுக்குத் தெரியவில்லை. அன்று ஜூன் ஐந்து. அன்றைக்குச் சேர்ந்த பதினேழு பேருக்கும் வாத்தியார் அதையே போட்டுவிட்டார். அந்தப் பிறந்தநாளை இதுவரை யாரும் கொண்டாடியதில்லை என்று சொல்லும்போது அவருக்கு முகம் சிவந்தது. வேகத்தடை வாங்கித் தர முடியாத மனிதருக்கு, தானே ஒரு நாளைக்கு வேகத்தடையாக இருக்கலாம் என்றதும் ஒரே உற்சாகம்.

வியாழக்கிழமை பந்தல்காரர் ஆறுச்சாமி வந்தார். அகலம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "மதில்ல இருந்து மதிலுக்குத்தானுங்க" என்றார். அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டதுபோல என்னைப் பார்த்தார். முதல் இரும்புக் கம்பத்தைத் தார் ரோட்டில் இறக்கினார். பலகை காலியானது.

மூன்று மணிக்கு வழக்கம்போலப் புகழேந்தி போன் பண்ணினார். ரோட்டில் ஏதோ கட்டுமானம் நடப்பதாகத் தகவல் என்றார். கட்டுமானம் இல்லைங்க, பிறந்தநாள் என்றேன். கொஞ்ச நேரம் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. பிறந்தநாளுக்கு விதி இல்லை என்றார். அதற்குள் முனையில் மதில் உயரத்துக்குக் கவுன்சிலரின் படம் ஏறிவிட்டது. அவருக்குப் பின்னால் சின்னச் சின்னதாக அவர் கட்சித் தலைவர்கள். அதைத் தொட ஜேசிபி டிரைவர் எவரும் துணிய மாட்டார். நீங்களும் சாப்பிட வாங்க சார் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே பதினெட்டு வீடும் பந்தலில் இருந்தோம். ஒலிபெருக்கியில் பாட்டு. கேசரி, உப்புமா, சட்னி. பலகை காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஏழே முக்காலில் இருந்து ஒருவரும் சாப்பிடவில்லை. புகழேந்தி ஜீப்பை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மதிலை ஒட்டி ஒட்டி நடந்து வந்தார். பழனாத்தா வண்டியைத் தள்ளிக்கொண்டு முனைக்கு வந்தாள். முகம் காட்ட வேண்டிய இடம் பந்தலுக்கு உள்ளே, முதல் வரிசைக்குப் பக்கத்தில். போனை எடுத்துக் காட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

ஏழு ஐம்பதுக்குக் கவுன்சிலர் கேக்கில் கத்தியை வைத்தார். அந்த நேரம் மேலே இறக்கத்தில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்த பிடியில் ஜாக்கெட் தையல் விட்டது. லாரி வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக் போட்டு, குலுங்கி, நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பந்தலையும் படத்தையும் பார்த்தார். எங்கள் எல்லோரையும் பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவு பெரிய வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனார். கெட்ட வார்த்தைக்கு ஒரு தெருவே கைதட்டியதை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் எல்லோரும் பேய்ப்பசியில் சாப்பிட்டோம். நான் ஒரு தட்டில் கேசரி வாங்கிக்கொண்டு பழனாத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது. அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. உன் மேல் வந்ததை நான்தான் லீவை ரத்துப் பண்ணித் திருப்பி வாங்கினேன் என்று சொன்னேன்.

"தெரியுங்கக்கா. புதங்கெழம பாத்தேன், இருசக்கர வாகனம்னு மாறியிருந்துச்சு. நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழமயே நானும் அடுத்த தெருவுல கூட்டற ராசாத்தியும் தெருவ மாத்திக்கிட்டோமுங்க. எங்க மேஸ்திரியே மாத்தி உட்டாரு. செவ்வாக்கெழம விடியால வந்து பாக்கறேன், இருவத்தஞ்சுல இருந்து முப்பதுன்னு போட்டிருக்குது. ராசாத்திக்குக் கைக்கொழந்தைங்க. போயி மறுபடி மாத்திக்கிட்டு வந்துட்டேன்."

கடையில் புடவை மாற்றி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பலகை மாறியதையும் திரும்பியதையும் எங்கள் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஆறுச்சாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். விசேஷம் முடிந்ததா, பிரிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே ஓரத்துக் கம்பத்தின் கயிற்றை அவிழ்த்தார். பலகையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. ஜூன் ஆறு. காலை ஏழு ஐம்பது. பெண், நாற்பது முதல் நாற்பத்தைந்து, தள்ளுவண்டி.

இந்த முறை எல்லோரும் பார்த்தோம். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"நாளைக்கு யாருக்குப் பொறந்தநாள்?" என்று சுலோச்சனா அக்கா கேட்டார். திருமூர்த்தி ஐயாவுக்குச் சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்பது. என் வீட்டுக்காரருக்கு ஜூன் பதினொன்று. சுலோச்சனா அக்காவுக்கு ஜூன் இருபது. எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில்தான் பிறந்திருந்தோம். ஆறாம் தேதி மட்டும் ஒருவருக்கும் இல்லை.

கேசரித் தட்டோடு நின்ற புகழேந்தி தொண்டையைச் செருமினார். "இந்தம்மாவுக்கு என்ன தேதி?"

பழனாத்தா எழுந்து நின்றுவிட்டாள். பள்ளிக்கூடமே போனதில்லை, சர்டிபிகேட் எதுவும் இல்லை, ஆதாரில் ஜனவரி ஒன்று என்று கம்ப்யூட்டர்க்காரர் அவராகவே போட்டுக்கொண்டார், அம்மா சொன்னது ஒரு மழை நாள் என்று மட்டும்தான் என்றாள்.

"அப்படின்னா எந்தத் தேதின்னாலும் தணிக்கையில ஆட்சேபணை வராதுங்க" என்றார் புகழேந்தி. "நீங்க சொல்றதுதான் தேதி."

அவள் எங்களைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மதில் உயரத்துக்கு நிற்கும் கவுன்சிலர் படத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்கே வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டாள்.

ஆறுச்சாமி அவிழ்த்த கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார்.